துணிக்கு அந்தப் பக்கம்

சில்வஸ்டர் என்ற பெயரைப் பாப்பம்மாள் முதன்முதலாகக் கேட்டது நடுவட்டத்தில், லிஜியின் டீக்கடையில். மகள் ஸ்வேதாவின் கல்யாணம் முடிந்து பத்துப் பதினோரு நாள் ஆகியிருக்கும். கூடலூரிலிருந்து ஊட்டிக்குப் போகிற பஸ் அன்றைக்கு வெகுநேரம் வரவில்லை. மூடுபனியில் எதிர்க்கடையின் பல்பு மட்டும் தெரிந்தது. பாப்பம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, கல்யாணத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதை என்றால் வேறொன்றுமில்லை. அவர்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் இறந்துபோன பெரியவர்களின் படங்களை வரிசையாக வைத்துக் கும்பிடுவது வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் நாலு தலைமுறைக்குப் படம் கொண்டுவந்தார்கள். பாப்பம்மாள் வீட்டுக்காரர் பக்கம் இரண்டு. அவளுடைய அப்பா ஆறுமுகசாமிக்கு எஸ்டேட் அடையாளக் கார்டிலிருந்து பெரிதாக்கின படம் ஒன்று. அம்மா ராமாத்தாளுக்கு ஒன்றுமில்லை. அந்த இடத்தில் ஒரு செம்பை வைத்து, மஞ்சள் பூசி, பொட்டு வைத்தார்கள். காரமடையிலிருந்து வந்த அத்தை மகள்தான் அதைச் செய்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை, முறையாகத்தான் செய்தாள். ஆனால் மாப்பிள்ளையின் சின்னம்மா, "இந்தச் செம்பு யாருங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"அம்மையோட ஒரு போட்டோ கூட இல்லியா சேச்சி?" என்றாள் லிஜி.

"போட்டோ இல்ல. சினிமாவுல இருக்கறா."

லிஜி சிரித்தாள். பாப்பம்மாள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து லிஜியும் நிறுத்திக்கொண்டாள்.

ஐந்து வயதில் நடந்தது அது. ஒரு சினிமாக் கம்பெனி எஸ்டேட்டுக்கு வந்தது. கொழுந்து எடுக்கிற பெண்களில் ஆறு பேரை வரிசையாக நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். அந்த ஆறில் ஒருத்தி ராமாத்தாள். அடுத்த வருஷம் மழையில், இரண்டாவது பிரசவத்தில், ராமாத்தாள் போய்ச் சேர்ந்தாள், பிள்ளையும் தங்கவில்லை. படம் எஸ்டேட் மைதானத்துக்கு வந்தது அதற்கு எட்டு மாதம் கழித்து. கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டி, மெஷின் வைத்து ஓட்டினார்கள். ஏழு வயதுப் பிள்ளையாக அப்பாவின் மடியில் உட்கார்ந்து, செத்துப்போன அம்மா கொழுந்து எடுப்பதைப் பாப்பம்மாள் பார்த்தாள். தொழிலாளர் லைன் வீட்டுச் சனம் முழுக்க எழுந்து நின்று கத்தினது. மூச்சு விடுகிற நேரம்தான். அப்புறம் வேறு சீன் வந்துவிட்டது.

படத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. எஸ்டேட்டில் எல்லோரும் அதை "நம்ம படம்" என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே உண்மைப் பெயர் ஒருவர் மண்டையிலும் நிற்கவில்லை.

"சேச்சி, குன்னூர்ல ஒரு ஆளு உண்டு," என்றாள் லிஜி. "சில்வஸ்டர்னு பேரு. பழைய சினிமா. ஒரு துண்டு சொன்னா போதும், முழுசும் சொல்லிடும். எங்கம்மைக்கு ஒரு படத்துல ஆத்துல செவப்புக் குடை மிதந்து போனது மட்டும் ஞாபகம். வேற ஒண்ணும் அறியில்லா. இந்த ஆளு கதை கேக்கல, நடிகர் யாருன்னு கேக்கல. 'அன்னிக்கு வீட்ல என்ன தின்னீங்க?'ன்னு கேட்டுச்சு. அம்மை சக்கக்கொட்டை, பலாக்கொட்டைதான், சுட்டதுன்னு சொல்லிச்சு. 'அப்ப ஜூன் மாசம், கூடலூர்' அப்படின்னு, கண்ணை மூடிட்டுப் படத்தோட பேரு சொல்லிடுச்சு."

பாப்பம்மாள் அந்தப் பெயரைப் பஸ் முழுக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள், மறந்துவிடக் கூடாதென்று.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே படி ஏறினால் நாலாவது கடை. முன்பக்கம் செல்போன் ரீசார்ஜ், பின்பக்கம் தட்டுத் தட்டாக சிடி. உள்ளே ஒல்லியாக, ஸ்வெட்டருக்கு மேல் மப்ளர் கட்டின அறுபது வயது ஆள். பக்கத்தில் அவர் வீட்டுக்காரம்மா ஐவி, மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

சில்வஸ்டரின் கதையைப் பாப்பம்மாளுக்குச் சொன்னதே ஐவி டீச்சர்தான். அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பா எட்மண்ட் அதே ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷம். ஐந்து பிள்ளைகளில் நாலாவது இவர். மூத்த அண்ணன்மார் இரண்டு பேரும் ஃபேக்டரிக்குள் போய்விட்டார்கள். இவருக்கும் கார்டு வந்தது. இன்டர்வியூ அன்றைக்கு ஆள், கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் சினிமா மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். எட்மண்ட் இரண்டு வருஷம் பையனோடு பேசவில்லை. சோற்றைப் போடு என்று சொல்வதற்குக்கூட, "அந்த சினிமாக்காரனுக்கு வேணுமான்னு கேளு" என்று அம்மாவிடம் சொல்வாராம்.

"அப்புறம் பதினாறு வருஷம் எஸ்டேட் எஸ்டேட்டா துணியைத் தூக்கிட்டு அலைஞ்சாரு," என்றார் டீச்சர். "டிவி வந்துச்சு, துணியை மடிச்சாச்சு. கேசட் கடை வெச்சாரு. கேசட் போயி சிடி. சிடி போயி ரீசார்ஜ். ஆளு மட்டும் இன்னும் அந்தத் துணிகிட்டதான் நிக்கறாரு. நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டோம்னு கேளுங்க, தெரியாது."

"உப்புமா," என்றார் சில்வஸ்டர்.

"அது முந்தாநேத்து."

சில்வஸ்டர் பாப்பம்மாள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. படத்தை விடுங்க, அன்னைக்கி நாளைச் சொல்லுங்க. மழையா, பனியா?"

"பனிங்ண்ணா. புல்லெல்லாம் கருகிக் கெடந்துச்சு."

"என்ன தின்னீங்க?"

"அவிச்ச உருளைக்கெழங்கு. எங்கப்பன் துண்டுல முடிஞ்சு கொண்டாந்தாரு."

"மெஷின் யாரோடது? குன்னூர் மெஷினா, கூடலூர் மெஷினா?"

"கூடலூர்லிருந்து ஜீப்புல வந்ததாத்தான் சொல்லுவாங்க."

"நம்ம ரூட்டு இல்ல," என்று உதட்டைப் பிதுக்கினார். அவர் ஓடின எஸ்டேட்டுகளில் எந்த மாதம் எந்தப் படப்பெட்டி போனது என்பது விரல் நுனியில் இருந்தது. நடுவட்டம் பக்கம் வேறொருவருடையது. "சரி. இப்பப் படத்தைச் சொல்லுங்க. பாத்தது மட்டும். யாரோ சொன்னது வேண்டாம்."

பாப்பம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு இது சிரமமில்லை. நாற்பத்து மூன்று வருஷமாகத் தூங்கப் போகும்முன் பார்த்துவிட்டுத் தூங்குகிற படம்.

"மலைச்சரிவு. ஆறு பொம்பளைங்க வரிசையா. பீச்சாங்கைப் பக்கமிருந்து ஒரு ஜீப்பு வருது. ஜீப்ப ஓட்டறவன் பீச்சாங்கைப் பக்கம் உக்காந்திருக்கறான். சோத்தாங்கைப் பக்கம் கடைசியில எங்கம்மா. ஜீப்பு அவளத் தாண்டினதும் திரும்பிப் பாக்கறா. திரும்பக் கூடாதுன்னு சொல்லித்தான் நிக்க வெச்சாங்களாம். நான் ரோட்டோரம் நின்னு அம்மான்னு கூப்புட்டுட்டேன். அதுக்குத்தான் திரும்பினாளாம். எங்கப்பன் சொல்லுவாரு."

சில்வஸ்டர் மப்ளரைத் தளர்த்திக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஓட்டறவரு பீச்சாங்கைப் பக்கம்ங்கறது நிச்சயமுங்களா?"

"நிச்சயமுங்க."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார் மனிதர். இங்கே ஓடுகிற வண்டிக்கெல்லாம் ஸ்டீரிங் வலது பக்கம். இடது பக்கம் இருந்தால் அது யுத்த காலத்தில் வந்த பழைய மிலிட்டரி ஜீப். வெலிங்டனில் ஏலத்தில் எடுத்து, அப்படி இரண்டு மூன்று வண்டி மலையில் ஓடினது அவருக்குத் தெரியும். அந்த ஜீப் எந்தப் படத்தில் வருகிறதோ அதுதான் படம். "பாதி கெடச்சாச்சு," என்றார். டீச்சர் அட்டையிலிருந்து தலையைத் தூக்காமலே, "எந்தப் பாதி?" என்றார்.

ஒன்பது மாதம் ஆயிற்று. அந்த வருஷங்களில் நடுவட்டம் பக்கம் பிடித்த படங்கள் மூன்று என்று கண்டுபிடித்தார். இரண்டுக்குப் பிரிண்டே இல்லை. மூன்றாவது 'கங்காணி மருமகள்'. அது ஓடவே ஓடாத படம். கோயமுத்தூரில் ஒருவரிடம் சிடி இருந்தது. வாங்கி வைத்துக்கொண்டு போன் செய்தார். பாப்பம்மாள் லீவு போட்டுவிட்டு, ஸ்வேதா எடுத்துக்கொடுத்த புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். அம்மாவைப் பார்க்கப் போகிறோம், பழசைக் கட்டிக்கொண்டு போவதா என்று அவளுக்கு இருந்தது.

கடையில் சின்ன டிவி. படமெல்லாம் கோடும் புள்ளியுமாக இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து மலைச்சரிவு வந்தது. ஆறு பெண்கள். பாப்பம்மாள் டிவியின் வலது ஓரத்திலேயே கண்ணை நட்டு வைத்திருந்தாள். அங்கே நின்றது ஒரு தடித்த பெண். முக்காடு. யாரோ. ஜீப் வந்தது, அந்தத் தடித்தவள் நிமிரக்கூட இல்லை. சீன் மாறிவிட்டது.

"இல்லீங்க," என்றாள். "எங்கம்மா இல்ல."

"ஜீப்பும் அது இல்ல," என்றார் சில்வஸ்டர். "ஸ்டீரிங் சோத்தாங்கைப் பக்கம் இருக்குது."

டீச்சர் டீ போட்டுக் கொடுத்தார். படியிறங்கும்போது சில்வஸ்டர் கூடவே பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். "மத்த ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கோணும். அதுக பிரிண்டு எங்கயும் இல்லீங்க போல," என்றார். "நான் உடமாட்டேன். ஆனா நீங்க நம்பி இருக்காதீங்க."

நம்பாமல் இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆறு வருஷம் அப்படிப் போயிற்று. ஸ்வேதாவுக்குத் திருப்பூரில் ஒரு பெண் பிறந்தது. "அம்மா, பாப்பாவுக்கு நெத்தி யாரு மாதிரி? அம்மிச்சி மாதிரியா?" என்று போனில் கேட்டாள். ஸ்வேதா அம்மிச்சி என்றது ராமாத்தாளைத்தான். பாப்பம்மாள் கண்ணை மூடிப் பார்த்தாள். வரிசை வந்தது, ஜீப் வந்தது, அம்மா திரும்பினாள். முகம் இருந்த இடத்தில் வெளிச்சம்தான் இருந்தது. "இருக்கும் சாமி," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

நடுவில் ஐவி டீச்சர் போய்விட்டார். பாப்பம்மாள் துக்கத்துக்குப் போயிருந்தாள். அடக்கம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்த சில்வஸ்டர், அவள் கையைப் பிடித்து, "உங்க படம் பாக்கி இருக்குதுங்க பாப்பம்மா. டீச்சர் கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தா," என்றார். அதற்கப்புறம் அவர் கடைக்குச் சரியாகப் போவதில்லை என்று கேள்வி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாதம், அருவங்காட்டில் கோவில் திருவிழா. இளவட்டங்களுக்கு ஓர் ஆசை, அந்தக் காலத்து மாதிரி துணி கட்டிப் படம் போட வேண்டுமென்று. சில்வஸ்டரின் மருமகன் டெனின்தான் முன்நின்றது. மெஷின் இந்தக் காலத்து மெஷின். துணி கட்ட மட்டும் மாமனாரைக் கூப்பிட்டார்கள். கட்டிக் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் மெஷின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

படம் பாதியில் காற்று வந்தது. துணியின் மேல் மூலை அவிழ்ந்து அடித்தது. சின்னவர்கள் எழுவதற்குள் சில்வஸ்டர் எழுந்து பின்பக்கம் போனார். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். துணியில் கதாநாயகன் கார் ஓட்டிக்கொண்டு போகிறான். ஸ்டீரிங் இடது பக்கம்.

பதினாறு வருஷம் துணி கட்டினவர். துணிக்கு இரண்டு பக்கமும் ஜனம் உட்காரும் என்பது அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் படம் ஓடும்போது அவர் ஒருநாளும் பின்பக்கம் நின்றதில்லை. மெஷின் முன்பக்கம், அவர் மெஷினோடு. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன தெரிந்தது என்று அவர் யோசித்ததும் இல்லை. அவர்களில் யாரும் வந்து சொன்னதும் இல்லை. கயிற்றைப் பிடித்தபடியே அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். டெனின் பயந்துபோய், "மாமா, நெஞ்சு வலிக்குதா?" என்று ஓடிவந்தான்.

மறுநாள் விடிந்ததும் பாப்பம்மாளுக்குப் போன்.

"பாப்பம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கி எஸ்டேட்ல நீங்க துணிக்கு எந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க?"

"பின்பக்கமுங்ண்ணா."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"முன்பக்கம் ஸ்டாஃப் ஊட்டுக்காரங்க பாய் போட்டு உக்காருவாங்க," என்றாள் அவள். "லைன் சனம் பின்னாலதான். வேற எங்க உக்காருவோம்? ஏனுங்க கேக்கறீங்க?"

"என்ன தின்னீங்கன்னு கேட்டேன். மழையா பனியான்னு கேட்டேன். இதக் கேக்கல பாருங்க," என்றார் சில்வஸ்டர். "பின்னால இருந்து பாத்தா எல்லாம் பக்கம் மாறித் தெரியும். உங்கம்மா நின்னது பீச்சாங்கைப் பக்கம். நாம அன்னைக்கித் தப்பான கோடியில போயித் தேடியிருக்கறோம். படம் அதேதான். பொறப்பட்டு வாங்க."

இந்தத் தடவை பாப்பம்மாள் சேலையைப் பற்றி நினைக்கவில்லை. கிடைத்ததைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தாள். ஊட்டியில் இறங்கி, குன்னூர் பஸ் ஏறி, அருவங்காட்டில் இறங்கும்போது பத்து மணி. வெயில் வந்திருந்தது. சில்வஸ்டரின் மகள் ஷைனா தன் வீட்டு வாசலிலேயே நின்று கூட்டிக்கொண்டு போனாள். டெனின் லேப்டாப்பை மேஜையில் வைத்துப் படத்தை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து தயாராக வைத்திருந்தான். சில்வஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொடுத்தார். தான் உட்காரவில்லை, சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

ஆறு பெண்கள். வலது பக்கமிருந்து ஜீப் வந்தது. பாப்பம்மாள் இடது ஓரத்தைப் பார்த்தாள். ஒல்லியாக ஒரு பெண், கூடையைத் தலையில் மாட்டி, குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஜீப் அவளைத் தாண்டியது. அவள் சட்டென்று தலையைத் திருப்பினாள். டெனின் நிறுத்தினான்.

முகம் இருந்தது. கோடும் புள்ளியுமாக இருந்தாலும் முகம்தான். நெற்றி சின்னது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, என்ன சாமி என்று கேட்க வருகிறதுபோல. இருபத்தி நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். ஸ்வேதாவைவிடச் சின்னவள்.

பாப்பம்மாள் அழுவாளென்று ஷைனா பக்கத்தில் வந்து நின்றாள். அவள் அழவில்லை. விரலை நீட்டினாள், படத்தின் மேல் அல்ல. லேப்டாப்புக்கு வெளியே, இடது பக்கம், மேஜை மேல் ஒரு சாண் தள்ளி வைத்தாள்.

"இங்கதான் நான் நின்னேன்," என்றாள்.

அந்த இடத்தில் டீ டம்ளர் ஒன்று இருந்தது. ஷைனா அதை மெல்ல எடுத்து அப்பால் வைத்தாள்.

எத்தனை தடவை ஓட்டினார்கள் என்று கணக்கில்லை. சுவரோரம் நின்ற சில்வஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். "டீச்சரும் அன்னைக்கிப் பாத்தா," என்று ஒரு தடவை சொன்னார். "நாம மூணு பேரு பாத்தோம். மூணு பேருக்கும் தெரியல."

டெனின் அந்த நிமிஷத்தைப் போட்டோவாக எடுத்தான். "அத்தை, நீங்க சின்னதுல பாத்த மாதிரியே பக்கம் மாத்தியும் தரலாம். இங்க பாருங்க," என்று ஒரு பட்டனைத் தட்டினான். ராமாத்தாள் வலது கோடிக்கு வந்து இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பாப்பம்மாள் லேப்டாப்பை நோக்கிக் குனிந்தாள். அவள் அம்மா அதுதான். ஐம்பது வருஷம் தூக்கத்துக்கு முன்னால் வந்துபோன அம்மா. இன்னொன்று, நேராக இருப்பது, கொஞ்சம் அந்நியமாகத்தான் இருந்தது; முன்பக்கம் பாய் போட்டு உட்கார்ந்தவர்கள் பார்த்த ராமாத்தாள்.

"எதை பிரிண்டு போடட்டும்?"

பாப்பம்மாள் வெகுநேரம் இரண்டையும் பார்த்தாள். அப்புறம் நேரானதைக் காட்டினாள். "அவ எப்பிடி நின்னாளோ அப்பிடியே இருக்கட்டும். பேத்தி பாக்கறதுக்கு."

"இன்னொண்ணு?"

"அது எங்கிட்ட இருக்குது சாமி."

இருக்கிறது என்றுதான் அவளும் நினைத்தாள். குன்னூரில் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, நடுவட்டத்துக்குக் கொண்டுவந்து ஆறுமுகசாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். ஸ்வேதா குழந்தையோடு வந்து பார்த்தாள். குழந்தைக்கு அதே சின்ன நெற்றி. லிஜி கடையைப் பூட்டிவிட்டே வந்து பார்த்து, "சேச்சி, என்ன சின்னப் பொண்ணு!" என்றாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நாளில் பாப்பம்மாள் ஒன்றைக் கவனித்தாள். கண்ணை மூடினால் இப்போது சுவரில் இருக்கிற படம்தான் வருகிறது. ஜீப் வலது பக்கமிருந்து வருகிறது. அப்பாவின் மடியில் இருந்து பார்த்தது வருவதில்லை. வேண்டிக் கூப்பிட்டாலும், திரும்புகிறபோது பக்கம் மாறிவிடுகிறது.

இதை அவள் ஸ்வேதாவிடம் சொல்லவில்லை. சில்வஸ்டரிடம் மட்டும் போனில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "டெனின்கிட்ட அந்த இன்னொண்ணும் இருக்குதுங்க, அழிக்க வேண்டாம்னு சொல்லி வெச்சிருக்கறேன்," என்றார். "வேணுங்கறப்ப வாங்க. அவசரமில்ல."

அவள் இன்னும் போகவில்லை. போகலாம் என்று இருக்கிறாள்.

படம் கேட்டு இப்போதும் சில்வஸ்டருக்கு ஆட்கள் போன் செய்கிறார்கள். நெல்லியாளத்திலிருந்து ஒருவர், துபாயிலிருந்து ஒருவர். என்ன தின்னீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் அவர் கேட்பது, துணிக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதுதான். தியேட்டரில் பார்த்தவர்களிடமும் அதைக் கேட்டுவிடுகிறார் என்று ஷைனா சொல்லிச் சிரிக்கிறாள்.

குன்னூர்க் கடையைப் போன வருஷம் கொடுத்துவிட்டார்கள். சில்வஸ்டர் இப்போது அருவங்காட்டில், மகள் ஷைனா வீட்டு முன்னறையில் இருக்கிறார்.